விக்கலும் கல்லில் அரைத்த சந்தனமும்

மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். ஒற்றைக் குழாய் ஒலிபெருக்கியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாரியம்மன் நோம்பி விடாமல் பாட்டுப் போட்டவன். இசைத்தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென்டிரைவ் வந்தது. நான் போகவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய பிளைவுட்டைக் கேட்டு வாங்கி, நானே அறுத்து, நானே ஆணியடித்த ஸ்பீக்கர் பெட்டி இன்றைக்கும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதில் பாட்டுப் போட்டால் எதிர்வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் தானாக நகரும். உடைத்து விற்கப் போன பழைய லாரி எஞ்சினைப் பிடித்து வந்து ஜெனரேட்டர் ஆக்கினேன். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயரையும் பின்பக்கம் தொட்டுப் பார்த்தே வியாதி சொல்லுவேன்.

இத்தனையும் செய்தவனை மழையும் மின்வெட்டும் போட்டிக்காரனும் அசைத்ததில்லை. ஒரே ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அசைத்தான். சேலம் ஜில்லா, நாமக்கல் ஜில்லா இரண்டையும் சேர்த்துச் சல்லடை போட்டுச் சலித்தாலும், பாட்டுப் போடாமல் இருப்பதற்கென்றே பிறந்த டிஜே அவன் ஒருவன்தான் கிடைப்பான்.

அவனுக்குப் பேர் விக்கல்.

அம்மா அப்பா வைத்த பேர் வேறு. அது யாருக்கும் நினைவில்லை. எங்கள் தொழிலில் லேப்டாப் வந்து, அதில் டிஜே சாப்ட்வேரைப் போட்டு இரண்டு பாட்டை ஒன்றோடொன்று கோத்து ஓட்டும் காலம் வந்தபோது, கூடவே ஒரு வியாதியும் வந்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று ‘க்... க்... க்’ என்று விக்கும். ஆடுகிறவன் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அந்த வியாதிக்கு வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் இவன். முதலில் ‘விக்கல் வைத்தியர்’ என்றார்கள். ஊர்க்காரர்களுக்கு எதையும் முழுசாகச் சொல்லும் பொறுமை கிடையாது. வைத்தியர் உதிர்ந்து விக்கல் மட்டும் நின்றது.

ஆள் ஆத்தூர்க்காரன், நாற்பதை நெருங்கியவன். எங்கள் பக்கம் சோளம் தின்னும் காக்காயை விரட்டினாலும் ‘போங்க’ என்றுதான் விரட்டுவோம். இவன் பேச்சில் அந்தக் குழைவே இருக்காது. கேட்டதற்குப் பதில், அதோடு சரி. அதே மாதிரி, எங்கள் பக்கம் பெரியவரையும் ‘சாமி’ என்போம், கைக்குழந்தையையும் ‘சாமி’ என்போம். இவனை மட்டும் நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘யோவ்’தான். அதற்கே அவனுக்குத் தகுதியில்லை என்பது அப்போது என் அபிப்பிராயம்.

லேப்டாப் திறக்க எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திறப்பேன். திறந்த பிறகுதான் சிரமம். அதனால்தான் அவனை வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் வேலை வெண்ணந்தூரில் ஒரு மஞ்சள் நீராட்டு. ஒறம்பரைச் சனமெல்லாம் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டது. இவன் டர்க்கித் துண்டில் சுற்றி, பிள்ளை பெற்றவள் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் லேப்டாப்பைத் தூக்கி வந்தான். பையிலிருந்து நான்கு சோடா மூடிகளை எடுத்து மேசையில் நான்கு மூலைக்கு வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தான். அடியில் காற்றோட்டம் வேண்டுமாம். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. அப்புறம் ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

“யோவ், பாட்டு?”

“பாத்துக்கிட்டிருக்கேன் மொதலாளி.”

“பாட்டைக் கேக்கறதாய்யா, பாக்கறதா?”

லேப்டாப்பில் ஒரு உருமிமேள அடியைத் தட்டிவிட்டான். அவனே எங்கோ கோயிலில் பதிவு செய்தது, அரை நிமிஷம் ஓடும். வேகமான அடி என்பதால் ஒரு இடத்தில் விக்கினாலும் காது கண்டுபிடித்துவிடும் என்பது அவன் கணக்கு. அது ஓடி முடிந்ததும் லேப்டாப்பில் ஏதோ ஒன்றை மாற்றினான், நோட்டில் எழுதினான், மறுபடியும் அதே உருமி. மறுபடியும் ஒரு மாற்றம், மறுபடியும் நோட்டு, மறுபடியும் உருமி.

“ஏய்யா, எல்லாத்தையும் ஒரேடியா மாத்தித் தொலைய வேண்டியதுதான?”

“ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் மொதலாளி. மொத்தமா மாத்துனா எதனால சரியாச்சுன்னு தெரியாது.”

“சரியானாப் போதாதா?”

“போதாது.”

ஏழாவது தடவை உருமி அடித்தபோது பெண்ணின் பெரியத்தைக்கு அருள் வந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். பெண்கள் வேப்பிலைக்கு ஓடுகிறார்கள். “நிறுத்துங்கய்யா, அக்காளுக்கு வந்துருச்சு!” என்று நாலு பேர் கத்துகிறார்கள். இவன் தலையைத் தூக்காமல், “இன்னும் ரெண்டு செட்டிங்தான் இருக்கு, அம்மாவக் கொஞ்சம் புடிச்சுக்குங்க” என்றான்.

திரும்பி வரும்போது வண்டியில் வைத்து நன்றாக டோஸ் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தப் பார்த்தான். ‘பஃபர்’ என்று ஒன்று இருக்கிறதாம். மேல்நிலைத் தொட்டி மாதிரியாம். லேப்டாப் பாட்டை முன்கூட்டியே கொஞ்சம் அதில் ரொப்பி வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியே விடுமாம். தொட்டி சின்னதாக இருந்தால் அடுத்த தண்ணி வருவதற்குள் காலியாகி விக்குமாம். பெரிதாக வைத்தால் விக்காது, ஆனால் பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் பாட்டு வெளியே வருமாம்.

“அப்ப பெருசா வெச்சுட்டுப் போய்யா.”

“கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போயிரும் மொதலாளி. விக்காத அளவுல ரொம்பச் சின்னது எதுவோ அத வைக்கணும். அதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

“அத்தைக்குச் சாமி வர்ற வரைக்கும் தேடுவியா?”

“அவங்க சரியான எடத்துலதான் ஆடுனாங்க. எட்டாவதுல விக்கல் நின்னுருச்சு” என்றான். நோட்டைக் காட்டினான். எழுதியிருந்தது.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் பட்டதை ஒரு வாரத்தில் சொல்லி முடிக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், “செல்லுல ஹாட்ஸ்பாட்ட அணைங்க” என்பான். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, ப்ளூடூத்தை அணைத்து, வைரஸ் பிடிக்கிற சாப்ட்வேர் நடுப்பாட்டில் எழுந்து வீட்டைக் கூட்ட ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, பென்டிரைவிலிருந்து பாட்டை ஓட்டாமல் உள்ளே இறக்கி வைத்து, ஒயரை இடையில் யுஎஸ்பி இணைப்புப் பெட்டி எதுவும் இல்லாமல் நேராகச் சொருகி, அதற்குள் அங்கே தாலி கட்டி முடிந்திருக்கும்.

சொந்த வேலையில்தான் இந்த லட்சணம் என்றால், ஊரான் வேலைக்கும் ஓடுவான். ஒருநாள் என் பரம எதிரி, பேர் சொல்ல மாட்டேன், அவனுக்கு ஜேடர்பாளையத்தில் அணைக்கட்டுப் பக்கம் விருந்து வேலை. பாட்டு விக்குகிறது என்று இவனுக்குப் போன். எனக்கென்றால் குளிரக் குளிரச் சந்தோஷம். இவனோ என் குடோனில் உட்கார்ந்துகொண்டு, “சார்ஜர் சொருகியிருக்கா? நல்லாப் பாருங்க. சொருகலையா? ஏன்?” என்று விசாரிக்கிறான். அங்கே இருந்த ஒரே பிளக்கில் ஜூஸ் மிக்சியை மாட்டியிருக்கிறார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடி, கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதித் தூக்கத்தில் வேலை பார்த்திருக்கிறது. “ஜூஸ நிறுத்திட்டு சார்ஜரச் சொருகுங்க” என்று இவன் சொன்னதும் அங்கே பாட்டு வெள்ளமாகப் போனதாம்.

“யோவ், அவன் என்ற தொழிலுக்கு ஒல வெக்கறவன்யா!”

“பாட்டு விக்குச்சு மொதலாளி” என்றான். அவ்வளவுதான் பதில். யார் வீட்டுப் பாட்டு என்பதெல்லாம் அவனுக்குக் கிடையாது.

இப்போது ஆயுதபூஜைக்கு வருகிறேன்.

என் குடோனில் ஆயுதபூஜை என்றால் சாதாரணம் இல்லை. கடையில் விற்கிற வில்லைச் சந்தனத்தைத் தொட மாட்டேன். கல்லில் நானே உட்கார்ந்து கட்டையை அரைப்பேன். ஜெனரேட்டரிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் என் கையால்தான் பொட்டு. அன்றைக்கு இவன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“இதுக்கு வேணாம் மொதலாளி. போன வாரம்தான் கழட்டி உள்ள சுத்தம் பண்ணி மாட்டுனேன்.”

“முப்பது வருஷமா என்ற ஆம்ப்ளிஃபயரு சந்தனம் வெச்சுக்குது. உன்ற பொட்டி அதைவிட ஒசத்தியா?”

“மேல ஒரு பொட்டு மட்டும்னா சரி” என்று மேசையில் வைத்துவிட்டு, இலை போட்டிருக்கிறார்கள் என்று சாப்பிடப் போனான்.

மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். பார்த்தால் மொட்டைத் தலையில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீல் ஓரத்தில் வரிவரியாக ஒரு இடம், பட்டை போடுவதற்கென்றே கம்பெனிக்காரன் விட்டுவைத்த மாதிரி இருந்தது. மூன்று விரலால் இழுத்து அழகாகப் பட்டை போட்டேன். கையில் மிச்சம் இருந்ததையும் அதிலேயே அழுத்தித் துடைத்தேன். சாப்பிட்டு வந்தவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, வெளியே தெரிந்ததையெல்லாம் துண்டால் துடைத்தான். நல்ல சந்தனம் துடைத்தால் போகுமா?

அதற்கு அடுத்த வாரம் வைத்தியனுக்கே வியாதி வந்தது.

முதல் இருபது நிமிஷம் பாட்டு பிரமாதமாகப் போகும். அதற்குப் பிறகு ‘க்... க்... க்.’ இவன் நோட்டைப் பிரித்தான். முதல் வரியில் ‘சூடு’ என்று எழுதி, தானே சுத்தம் செய்ததை நினைத்து, ‘இல்லை’ என்று அடித்தான். அந்த வரிக்கு அப்புறம் அவன் திரும்பிப் போகவே இல்லை. பஃபரைக் கூட்டினான். ஒயரை மாற்றினான். சாப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். ஐப்பசி போய், கார்த்திகை போய், ஒரு நோட்டு முடிந்து இரண்டாம் நோட்டு வந்தது. எந்த வைத்தியமும் கேட்கவில்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. போன் பண்ணி வைத்தியம் கேட்கிறவர்களும், ‘மொதல்ல உங்க விக்கல நிறுத்துங்க’ என்று சிரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் காலத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. எங்கள் வேலை நடக்கிற இடத்திலெல்லாம், கொஞ்ச நேரம் பாட்டு ஓடியதும் சந்தன வாசம் வீசும். மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். “அண்ணன் வந்தா அம்மனே கூட வர்றாளாட்ட இருக்குதுங்க” என்று ஒருத்தர் சொன்னார். நான் மறுக்கவில்லை. முப்பது வருஷம் அவளுக்கு ஓசியில் பாட்டுப் போட்டவன் நான், வரட்டும்.

தை பிறந்தது. ஜேடர்பாளையத்தில் ஒரு காது குத்து. பெண் குழந்தை, தாய்மாமன் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்துப் போர் போடுகிறவர். பூமியைத் துளைத்துத் துளைத்து அவருக்குக் குரலே இடிமாதிரி ஆகிவிட்டது. சீர்த்தட்டோடு அவர் ஊர்வலமாக வர, முன்னால் எங்கள் மினி லாரியில் ஸ்பீக்கரும் லேப்டாப்பும். கிளம்பும்போதே நான் சொல்லிவிட்டேன்:

“யோவ், இன்னிக்கு விக்குச்சுன்னா நீ குடோனுக்கு வர வேண்டாம். அப்படியே ஆத்தூர் பஸ் ஏறிக்க.”

“சரி மொதலாளி” என்றான். துண்டும் துணிமணியும் ஒரு பையில் போட்டு ஏற்கெனவே லாரியில் வைத்திருந்தான். சொல்வேன் என்று தெரிந்திருக்கிறது.

தை மாதமானாலும் பதினோரு மணி வெயில் எங்கள் பக்கம் யாரையும் விடாது. தெருமுனை வரை பாட்டு போயிற்று. மாமன் துண்டைச் சுழற்றி ஆடுகிறார். பந்தல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆரம்பித்தது, ‘க்... க்... க்.’ தட்டு வரிசை நின்றது. மாமன் ஒற்றைக் காலில் நின்றார்.

“ஏனுங்க, இது பாட்டுங்களா, கோழி தீனி கொத்தறதுங்களா? நூறு தட்டோட வந்து நடுரோட்டுல நிக்கறனுங்க. என்ற தங்கச்சி ஊட்டு ஒறம்பரை பூராவும் பாக்குதுங்க!”

நான் விக்கலைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

“மொதலாளி, சந்தனம் மணக்குது.”

“காது குத்துற எடத்துல சந்தனம் மணக்காம டீசலாய்யா மணக்கும்?”

“போன வாரம் லாரிப் பட்டறை தெறப்புலயும் மணந்துச்சு. அங்க டீசல்தான் மணக்கணும்” என்றவன், லேப்டாப்பின் பின்பக்கம் குனிந்து மூக்கை வைத்தான். பிறகு லேப்டாப்பை அணைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, லாரியிலிருந்து குதித்துப் பந்தலுக்குள் ஓடினான்.

அங்கே காது குத்த வந்த பத்தர் மனையில் உட்கார்ந்திருந்தார். “உங்ககிட்ட இன்னொரு ஊசி இருக்கா?” என்று கேட்டு வாங்கி, அவர் பக்கத்திலேயே சம்மணம் போட்டு, லேப்டாப்பின் வரிவரியான இடத்தில் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்த ஆரம்பித்தான். கூட்டம் வளைத்துக்கொண்டது. குழந்தையை விட்டுவிட்டு லேப்டாப்புக்குக் காது குத்துகிறானே என்று பத்தரே வாயைப் பிளந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

விரித்திருந்த வெள்ளைக் கைக்குட்டையில் பொலபொலவென்று உதிர்ந்தது. மஞ்சள் கலந்த வெள்ளை. காய்ந்து கல்லாகியிருந்தது. காற்று வெளியே போகிற வழி அதுதான் என்பது எனக்கு அந்த நிமிஷம் யாரும் சொல்லாமலே தெரிந்தது. உள்ளே சூடு புழுங்கிப் புழுங்கி, லேப்டாப் மூச்சுத் திணறித்தான் இத்தனை நாள் விக்கியிருக்கிறது. அம்மன் கூட வந்ததும் அந்த வழியாகத்தான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் வலது கையின் மூன்று விரல் எனக்கே கனத்தது.

மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “என்னுங்க கோளாறு?”

விக்கல் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“தூசிங்க. நாந்தான் பாக்காம வுட்டுட்டனுங்க. என்ற தப்புங்க.”

அவன் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

“புத்தி கெட்ட மசையனாட்ட இருக்கறயே!” மாமன் என் பக்கம் திரும்பினார். “தூசி தொடைக்கத் தெரியாதவனையெல்லாம் ஏனுங்ண்ணா வெச்சிருக்கறீங்க?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆள் உயரப் பெட்டி அடித்தவன், லாரி எஞ்சினை ஜெனரேட்டர் ஆக்கியவன், இந்த வாயால்தான் சொன்னேன்: “என்ன பண்றதுங்க, நல்ல ஆளு கெடைக்கறதில்லைங்க.”

அதற்குப் பிறகு பாட்டு ஒரு இடத்திலும் விக்கவில்லை. மாமன் மடியில் குழந்தைக்குக் காது குத்தி, வெல்லமும் பச்சரிசியும் கொடுத்து, பந்தி முடிகிற வரைக்கும் ஆறு மாதிரி ஓடியது. நான்தான் பந்தியில் உட்காரவில்லை.

சாமான்களை ஏற்றியதும் அவன் பையை எடுத்துக்கொண்டு கீழே நின்றான். “பஸ் ஸ்டாண்டா, குடோனா மொதலாளி?”

“விக்குச்சா?”

“விக்குச்சு. அப்பறம் நின்னுருச்சு.”

“குடோனுக்குத்தான். ஏறு.”

அடுத்த ஆயுதபூஜைக்கு அந்த டர்க்கித் துண்டின் ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். பார்த்தான், அந்தத் துண்டிலேயே லேப்டாப்பைச் சுற்றி எடுத்து வைத்தான்.

இப்போது அவன் ஆத்தூரில் சொந்தமாக லேப்டாப் சர்வீஸ் கடை போட்டிருக்கிறான். போன மாதம் போயிருந்தேன். சும்மா போகவில்லை, வேறு வேலையாகத்தான் போனேன். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘பாட்டு விக்கினால் பார்க்க வேண்டியவை.’ எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். பஃபர், சார்ஜர், வைஃபை, வைரஸ், பென்டிரைவ் எல்லாம் இருந்தது. முதலில் பார்க்க வேண்டியது என்று எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, அடிக்கோடு போட்டு: ‘காற்றுப் போகும் வழியில் தூசி.’

“தூசியா?” என்றேன்.

“தூசிதான் மொதலாளி” என்றான், கையில் இருந்த வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

“அத அடி. சந்தனம்னு எழுது. கல்லுல அரச்ச அசல் சந்தனம்னு எழுது. அரச்சு அப்புனவன் இன்னாருன்னு என்ற பேரையும் முழுசாப் போடு. நான் பண்ணுன வேலைய நீ பண்ணுன மாதிரி இத்தன வருஷம் வெச்சிருந்தது போதும், சாமி.”